வீடு நிலைத்தது, தொழில் நிலைக்குமா?

அரசர்களின் போர்களைக் கொண்டே வரலாற்றை எழுதும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அரண்மனையைக் கட்டுவித்தவன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அதைக் கட்டிய கொத்தனின் பெயர் இல்லை. பட்டாடை அணிந்த அரசியின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அதை நெய்தவன் பெயர் இல்லை. ஆயினும், மக்கள் உண்மையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு வாளைவிடத் தறியும், கோட்டையைவிடக் குடியிருந்த வீடுமே மிகுதியான செய்திகளைக் கூறவல்லவை. இவ்வுண்மையை உணர்ந்தோர் பழைய வீடுகளையும் கைத்தொழில்களையும் ஒரே வளாகத்தில் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகங்களை உலகின் பல பாகங்களிலும் அமைத்துள்ளனர். அத்தகையதொன்று சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டில் இருக்கிறது. தட்சிணசித்ரா என்பது அதன் பெயர். அதனைப் பற்றியும், அது நம் முன் எழுப்பும் வினாவைப் பற்றியும் ஈண்டு ஆராய்வோம்.

ஒரு சாலை, மூன்று காலங்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாதிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் சாலை ஒரகடம், படப்பை, மண்ணிவாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து வண்டலூரை அடைகிறது. அங்கிருந்து மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் கோவளம். கோவளத்திலிருந்து கடற்கரைச் சாலையில் சிறிது வடக்கே வந்தால் முட்டுக்காடு. ஒரு காலைப் பொழுதில் கடந்துவிடக்கூடிய இந்தத் தொலைவுக்குள் நம் நாட்டின் மூன்று காலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன.

சாலையின் மேற்கு முனையான வாலாஜாபாத், கர்நாடக நவாபு முஹம்மது அலீ வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். அவர் 1749-இல் நவாபாகி, 1795-இல் மறைந்தவர். ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாப்பேட்டையும் அவர் பெயரால் அமைந்ததே; இரண்டையும் ஒன்றென மயங்குவோர் உளர். பாலாற்றங்கரையை ஒட்டிய இவ்வாலாஜாபாதைச் சுற்றிலும், அருகிலுள்ள காஞ்சிபுரத்திலும் தறிகள் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்தன. 1763-இல் செங்கற்பட்டுச் சீமையை நவாபு ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அன்று கை மாறியது நிலவரி மட்டுமன்று. தறிகள் நிறைந்த ஒரு நாடே கை மாறிற்று.

கம்பெனிக்காரர்கள் இக்கரைக்கு வந்ததே துணிக்காகத்தான். 1639-இல் மதராசில் அவர்கள் இடம் பெற்றதற்கு, இங்குத் துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். 1734-ஐ ஒட்டி, நூற்போரையும் நெய்வோரையும் சாயமிடுவோரையும் ஓரிடத்தில் குடியமர்த்துவதற்காகவே சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினர். தொழிலாளரை ஊரோடு பெயர்த்துப் புதிய இடத்தில் நடுவது இன்று தோன்றிய வழக்கமன்று என்பதற்கு அப்பேட்டை ஒரு சான்று. அன்று நடப்பட்டவர்கள் வணிகத்திற்காக நடப்பட்டார்கள். இன்று அருங்காட்சியகத்தில் வீடுகள் நினைவுக்காக நடப்படுகின்றன. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

சாலையின் கிழக்கு முனையான கோவளத்திற்கும் நவாபுகளின் காலத்தோடு தொடர்பு உண்டு. ‘சாதத் பந்தர்’ என்னும் பெயரால் அது அக்காலத்தில் துறைமுகமாக விளங்கிற்று. அங்கிருந்த கோட்டையை 1752-இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினான். கோட்டையின் பெருமை போயிற்று. ஆனால் நபித்தோழர் தமீமுல் அன்சாரி அவர்களின் அடக்கத்தலம் என மக்கள் போற்றிவரும் தர்கா அவ்வூரில் நிற்கிறது. நாள்தோறும் பல சமயத்தவரும் அங்கு வந்து செல்கின்றனர். கோட்டையைவிட மக்களின் நினைவே நீண்ட ஆயுள் உடையது என்பதற்குக் கோவளமும் ஒரு சான்றாகிறது.

இவ்விரு முனைகளுக்கும் இடையே இருப்பதுதான் மூன்றாவது காலம், ஒரகடத்தின் காலம்.

ஆலைகள் எழுந்த மண்

திருப்பெரும்புதூர் என்றதும் 1017-இல் அங்குப் பிறந்த இராமானுஜரை முன்னைத் தலைமுறையினர் நினைப்பர். 1991 மே 21 அன்று அங்கு நிகழ்ந்த ராஜீவ் காந்தியின் கொலையை அடுத்த தலைமுறையினர் நினைப்பர். இன்றைய இளைஞர்களோ வேலையை நினைக்கிறார்கள். ஹூண்டாய் கார்த் தொழிலுக்கான இந்திய நிறுவனம் 1996-இல் தொடங்கப்பெற்று, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அதன் முதல் கார்கள் வெளிவந்தன. 2006-இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து உதிரிப்பாகம் செய்யும் ஆலைகளும், மின்னணுக் கருவிகளை இணைக்கும் ஆலைகளும், தொழிலாளர் விடுதிகளும் பெருகின. ஏரிகளும் வயல்களும் நிறைந்திருந்த நிலம் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் முகம் மாறிவிட்டது.

இம்மண்ணில் மனிதக் கையின் வேலைக்கு வயது மிக அதிகம். ஒரகடத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத பல்லாவரத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலார் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கிற்று எனலாம். வடக்கே கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கல்லைத் தட்டிக் கூராக்கிய கை, பின்னர் மண்ணைக் குழைத்தது, நூலைக் கோத்தது, இப்பொழுது கைப்பேசியின் நுண்ணிய பாகங்களைப் பொருத்துகிறது. ஆகவே ஆலையை அந்நியமென்றும் தறியை நம்முடையதென்றும் பிரித்து வைத்துவிட்டால் பேச்சு எளிதாக முடிந்துவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று தறிக்குழியை விட்டு ஆலைப் பேருந்தில் ஏறுகின்றனர். அவர்களைக் குறை கூறும் உரிமை எவர்க்கும் இல்லை. திங்கள்தோறும் தவறாத ஊதியம், வருங்கால வைப்பு நிதி, சீருடை அணிந்த ஒரு மதிப்பு ஆகியவற்றை ஆலை தருகிறது. தறியோ, பட்டு விலை ஏறினால் வேலையைக் குறைக்கிறது. மழைக்காலத்தில் பாவு ஈரம் பட்டால் நிற்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் கட்டிப் போடுகிறது. பெற்றோரே தம் மகனைத் தறியிலிருந்து எழுப்பி ஆலைக்கு அனுப்புகின்றனர் என்றால், அது தொழிலின்மீது கொண்ட வெறுப்பாலன்று; பிள்ளையின்மீது கொண்ட அன்பாலாகும்.

ஆனால் ஆலை மட்டும் என்றென்றும் நிற்கிறதா? பல்லாயிரவர்க்கு வேலை தந்த நோக்கியாவின் தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அது நடந்தது எட்டு ஆண்டுகளே. அக்கட்டடம் பிறகு வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று; அங்கு வேலை செய்தோர் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். காஞ்சியின் தறி பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது. அதற்கு அருகே எழுந்த பேராலை ஒரு பத்தாண்டைக்கூடக் காணவில்லை. எந்தத் தொழில் பழையது, எது புதியது என்பதைவிட, எந்தத் தொழில் தன்னைச் செய்பவனைக் காப்பாற்றுகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வியாகும்.

பெயர்த்து நடப்பட்ட வீடுகள்

இத்தகைய மாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் நாட்டில் ஆலைகள் பெருகி, சிற்றூர் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மர வீடுகள் இடிக்கப்பட்டன. பழைய கருவிகள் விறகாயின. அதைக் கண்டு வருந்திய ஆர்தர் ஹசேலியஸ் என்னும் அறிஞர், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். அவ்வீடுகளில் பழைய உடையணிந்தோர் பழைய தொழில்களைச் செய்து காட்டினர். பின்னர் ஐரோப்பா எங்கும் எழுந்த இத்தகைய காட்சியகங்களுக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று. நம் நாட்டிலும் 1972-இல் டில்லியில் நடந்த ஆசியப் பொருட்காட்சியின்போது எழுப்பப்பட்ட சிற்றூர்க் குடில்கள், அங்குள்ள கைவினை அருங்காட்சியகத்தின் பகுதியாக நிலைபெற்றன.

முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவின் கதையும் இடிபடும் வீடுகளிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவில் பிறந்து தமிழகத்திற்கு மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன் அவர்கள், செட்டிநாட்டு மாளிகைகள் தேக்குத் தூண்களுக்காகவும் கதவுகளுக்காகவும் உடைத்து விற்கப்படுவதைக் கண்டார். அவர் முயற்சியால் 1984-இல் மதராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு உருவாயிற்று. அரசு குத்தகைக்கு அளித்த பத்து ஏக்கர் நிலத்தில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் திட்டத்தைத் தழுவி, பென்னி குரியாகோஸ் போன்றோரின் துணையுடன் வளாகம் எழுந்தது. 1996 டிசம்பர் 14 அன்று அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டைக் கார் நிறுவனம் தொடங்கப்பெற்ற அதே ஆண்டு அது என்பது கவனிக்கத்தக்கது. சுவீடனில் நடந்ததுபோலவே இங்கும், ஆலை வரும் காலமும் அருங்காட்சியகம் வரும் காலமும் ஒன்றாகவே இருந்தன.

அங்குள்ள வீடுகள் பல, பொம்மை வீடுகள் அல்ல. மனிதர் பிறந்து, மணந்து, மடிந்த உண்மையான வீடுகள். இடிக்க விலை பேசப்பட்ட வீட்டை வாங்கி, ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்திற்கும் எண் இட்டு, படம் வரைந்து, பிரித்து, வண்டியேற்றி, முட்டுக்காட்டில் மீண்டும் பூட்டுவர். அதற்குப் பழைய முறை அறிந்த தச்சரும் கொத்தருமே தேவைப்பட்டனர். ஒரு வீட்டைப் பெயர்த்து நடுவதற்கே ஒரு கைத்தொழில் உயிருடன் இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கேரளப் பகுதியில் கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் இல்லம் நிற்கிறது. உள்ளே நெல் சேமிக்கும் மர அறையைக் காணலாம். ஆந்திரப் பகுதியில் புயற்காற்றைத் தாங்கும் வட்ட வடிவ மண் வீடு இருக்கிறது. கர்நாடகப் பகுதியில் இல்கல் நெசவாளர் வீட்டோடு, சிக்மகளூரிலிருந்து வந்த முஸ்லிம் இல்லமும் உண்டு. தமிழகப் பகுதியில் செட்டிநாட்டு வணிகர் மாளிகையும் அக்கிரகார வீடும் காஞ்சிப் பட்டு நெசவாளர் வீடும், உழவர், குயவர், கூடை முடைவோர் ஆகியோரின் வீடுகளும் அமைந்துள்ளன. குயவர் சக்கரத்தைச் சுற்றிக் காட்டுகிறார்; பள்ளிப் பிள்ளைகள் களிமண்ணைத் தொட்டுப் பார்த்து மகிழ்கின்றனர். சாதியாலும் சமயத்தாலும் பிரிந்த ஊர்களில் ஒருவர் வீட்டின் உட்புறத்தை ஒருவர் கண்டறியாத நாட்டில், எல்லா வீடுகளின் வாசலும் எல்லார்க்கும் திறந்திருப்பது சிறிய செயலன்று.

தறி கூறும் கணக்கு

வீடு காப்பாற்றப்பட்டது. அவ்வீட்டினுள் நடந்த தொழில் காப்பாற்றப்பட்டதா? காஞ்சி நெசவாளர் வீட்டின் முன் நின்று இவ்வினாவைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காஞ்சிப் பட்டின் பெருமை ‘கோர்வை’ என்னும் முறையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் ஊடை இழையிலும் ஒன்றோடொன்று கோத்துப் பிணைப்பர். இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று என மூன்று நாடாக்கள் ஓடும். முந்தானையை உடலோடு இணைப்பதற்குப் ‘பெட்னி’ என்னும் வேறொரு முறை உண்டு. நன்கு நெய்த சேலையின் உடல் நைந்தாலும் கோர்வை விட்டுப் போகாது என்பர். ஒருவர் மட்டும் இதனைச் செய்ய இயலாது. நெசவாளர் ஒரு பக்கம் அமர்ந்தால், மறுபக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் யார்? இவ்விடத்தில்தான் அருங்காட்சியகம் காட்டாத ஓர் உண்மை இருக்கிறது. பல தலைமுறைகளாக அவ்விடத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் சிறுமிகளுமே. பள்ளிக்கூடத்து மணி ஒலிக்கும் நேரத்தில் அவர்கள் தறிக்குழியில் இருந்தனர். குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. பின்னர்ப் பல ஆண்டுகள் நடந்த முயற்சிகளால் அவர்கள் பள்ளிக்குத் திரும்பினர். அது நன்மையே, நூற்றுக்கு நூறு நன்மையே. ஆனால் அக்குழந்தையின் இடத்தில் முழுக் கூலி பெறும் பெரியவர் ஒருவரை அமர்த்த, சேலையின் விலை இடம் தரவில்லை. எனவே கோர்வை குறைந்தது; ஒருவரே நெய்யக்கூடிய எளிய முறைகள் பெருகின. அழகின் விலையை இத்தனை நாளும் ஒரு குழந்தை கொடுத்து வந்தது என்பதும், அவ்விலையை வாங்குவோர் கொடுக்க முன்வரவில்லை என்பதுமே இதன் பொருள்.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே கூறுகிறது. 1995–96-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் அதன் துணைத் தொழில்களிலும் 65.5 இலட்சம் பேர் இருந்தனர். 2009–10-இல் அத்தொகை 43.31 இலட்சமாயிற்று, 2019–20-இல் 35.22 இலட்சமாகச் சுருங்கிற்று. இத்தனைக்கும் நம்மிடம் சட்டங்கள் இல்லாமலில்லை. 1985-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 வகைகளாகக் குறைக்கப்பட்டன. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. குறியீடு போலியைத் தடுக்கக்கூடும். நெய்பவரின் அடுப்பை அது தானாக எரிய வைக்காது.

வீட்டை எண் இட்டுப் பிரித்து வேறிடத்தில் பூட்டலாம். கைத்தொழிலை அவ்வாறு பூட்ட முடியாது. அது மரத்திலும் ஓட்டிலும் இல்லை. ஒரு மனிதரின் விரலிலும், அவ்விரலைப் பார்த்துக் கற்கும் இன்னொரு மனிதரின் கண்ணிலும் இருக்கிறது. இவ்விருவரில் ஒருவர் இல்லாது போனாலும் அறுபடுகிறது. அருங்காட்சியகம் ஒரு தறியை, பத்துத் தறியைக் காட்டலாம். கலைஞர்க்கு மதிப்பையும் சிறிது விற்பனையையும் தேடித் தரலாம். இலட்சக் கணக்கானோர்க்குச் சோறு போடுவது அதன் பணியன்று. அதனிடம் அதை எதிர்பார்ப்பது முறையுமன்று.

நம் இல்லத்துக் கைகள்

இனி, நம் குடும்பங்களோடு நெருங்கிய தொழில்களைக் காண்போம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையின் பாய் உலகறிந்தது. அதனை நெய்து வருவோர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களுள்ளும் பெண்களின் கை வேலையே மிகுதி. ஆற்றங்கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்தி, கிழித்து, ஓடும் தாமிரபரணி நீரில் பல நாள் ஊற வைப்பர். ஊறிய கோரையை மீண்டும் உலர்த்தி, மேலும் மெல்லியதாகக் கிழித்துச் சாயமிடுவர். முன்னாளில் சிவப்புக்குச் சப்பங்கக் கட்டையைக் காய்ச்சிய சாயம் பயன்பட்டது. பின்னர்த் தரையோடு தாழ்ந்த தறியில் பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இழுத்துக் கட்டி, நீண்ட குச்சியின் துணையால் கோரையை ஒவ்வொன்றாகச் செலுத்தி நெய்வர். மிக மெல்லிய பாய் துணியைப்போல் மடங்கும். மணமக்களின் பெயரை நெய்து தரும் திருமணப் பாய்க்குத் தமிழகமெங்கும் மதிப்புண்டு. 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குத் தங்கள் ஊர்ப் பாய் சென்றது என்பதை அவ்வூரார் பெருமையுடன் கூறுவர்.

நம் பாட்டிமார் அமர்ந்ததும், தொழுததும், பிள்ளை பெற்றுப் படுத்ததும் பாயிலேதான். இன்று அவ்விடத்தைப் பிளாஸ்டிக் பாய் பிடித்துக்கொண்டது. அது மலிவு, கழுவ எளிது. கோரைப் பாய் நெய்ய ஒரு பெண் எத்தனை நாள் குனிந்து அமர்ந்தாள் என்பதைக் கடைக்காரரிடம் பேரம் பேசும்போது நாம் நினைப்பதில்லை.

சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையால் பெட்டியும் கூடையும் முடையும் கலையை வழிவழியாகக் காத்து வந்துள்ளனர். வீட்டை விட்டு வெளியே செல்லாத பெண்களுக்கு வீட்டினுள்ளிருந்தே கையில் காசு தந்த தொழில் அது. அதே பழவேற்காடு முன்னாளில் துணிக்கும் பெயர் பெற்றிருந்தது. டச்சுக்காரர் 1613-இல் அங்குக் கோட்டை கட்டியதும் அத்துணியை நாடியே. அங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணி கீழை நாடுகளில் எவ்வளவு பரவியதென்றால், மலாய் மொழியில் அத்தகைய கைலிக்கு இன்றும் ‘கைன் பெலிக்காட்’ என்றே பெயர். பழவேற்காட்டுத் துறைமுகம் ஓய்ந்துவிட்டது. அதன் பெயர் மட்டும் கடலுக்கு அப்பால் ஒருவரது இடுப்பில் நாள்தோறும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அத்துணியைக் கப்பலில் ஏற்றிச் சென்றவருள் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகரும் இருந்தனர் என்பது நம் வரலாற்றின் ஒரு பகுதி.

வீடுகளைப் பற்றியும் இங்கு ஒன்று சொல்ல வேண்டும். முட்டுக்காட்டில் தமிழகத்துப் பல குலத்தார் வீடுகளும் நிற்கின்றன. காயல்பட்டினத்து இல்லத்தையோ கீழக்கரை இல்லத்தையோ அவற்றுள் காணோம். இதனை ஒரு குறையாகக் கூற வரவில்லை. பத்து ஏக்கரில் தென்னாட்டு வீடுகள் அனைத்தையும் வைக்க இயலாது. தவிர, ஒருவர் வீட்டை எடுத்து வைக்க வேண்டுமானால், அவ்வீட்டார் அதன் அருமையை முதலில் உணர்ந்திருக்க வேண்டும். மகளுக்கு வீடு கொடுத்து, மணமகன் மனைவியின் இல்லத்திற்கு வந்து வாழும் வழக்கம் அவ்வூர்களில் உண்டு. பெண்கள் தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குச் சென்றுவரும் ‘முடுக்கு’ என்னும் சந்துகள் காயலில் உண்டு. ஒரு சமுதாயத்தின் மண முறை, சொத்துரிமை, பெண்களின் தோழமை ஆகிய அனைத்தும் அவ்வீடுகளின் அமைப்பிலே எழுதப்பட்டுள்ளன. அவ்வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, செங்கல்லோடு இவ்வேடும் கிழிபடுகிறது.

நாம் செய்யத்தக்கவை

அப்படியானால் பழையவை அனைத்தையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை, முடியவும் முடியாது. ஒழுகும் கூரையின் கீழ் வாழ எவரையும் வற்புறுத்தலாகாது. தறிக்குழியில் குழந்தையை மீண்டும் இறக்கலாகாது. காக்கத்தக்கவை எவை, அவற்றை யார் காப்பது என்பதைப் பகுத்தறிவதே வேண்டுவது. வீட்டைக் காக்க அருங்காட்சியகம் போதும். தொழிலைக் காக்க, நியாயமான விலை கொடுத்து வாங்குவோர் வேண்டும். நினைவைக் காக்கவோ குடும்பத்தாரைத் தவிர வேறு எவரும் இல்லை.

முதலாவதாக, விலையைப் பற்றி. நம் வீட்டுத் திருமணங்களில் மேடைக்கும் மின்விளக்குக்கும் விருந்துக்கும் செலவிடுவதில் நாம் கை குறுகுவதில்லை. அச்செலவில் ஒரு சிறு பங்கைப் பத்தமடைப் பாய்க்கும், பழவேற்காட்டு ஓலைப் பெட்டிக்கும், கோர்வை நெய்த ஒரு சேலைக்கும் ஒதுக்கினால், பேரம் பேசாமல் நெய்தவர் கேட்ட விலையைக் கொடுத்தால், பரிசு பெற்றவரும் மகிழ்வார். செய்தவர் வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்குச் செல்லும். உழைத்தவரின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அக்கூலி நிறைவானதாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவதாக, எழுத்தைப் பற்றி. பழைய வீட்டை இடித்தே தீர வேண்டுமானால், இடிப்பதற்கு முன் அதை அளந்து ஒரு வரைபடம் எழுதி வைக்கலாம். ஒவ்வோர் அறையையும் வீட்டார் என்ன பெயரால் அழைத்தனர் என்பதைக் குறிக்கலாம். கதவையும் தூணையும் தரகரிடம் விற்பதற்கு முன் அவற்றைப் படமெடுத்து வைக்கலாம். பரண்மேல் இருக்கும் அரபுத் தமிழ் ஏடுகளையும், பழைய கணக்குப் புத்தகங்களையும், கப்பற் கடிதங்களையும் பழைய காகிதக்காரரிடம் போடுவதற்கு முன் கற்றவர் ஒருவரிடம் காட்டலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. ஒரகடத்துப் பக்கத்து ஆலைகளில் நம் பிள்ளைகளே பூட்டிய அக்கருவியைக் கொண்டு, பாட்டியார் பாய் முடைந்த கதையை அவர் குரலிலேயே பதிவு செய்யலாம்.

மூன்றாவதாக, பிள்ளைகளைப் பற்றி. விடுமுறை நாளில் அவர்களைத் தட்சிணசித்ராவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீடுகளைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், தறியின் முன் சிறிது நேரம் நிற்கச் செய்யுங்கள். நாடா எத்தனை முறை ஓடினால் ஒரு விரற்கடை துணி நீள்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அதன்பின் ஒரு சேலையின் விலையைக் கேட்கும்போது அப்பிள்ளை அது மிகுதி என்று சொல்லாது. நாளை அப்பிள்ளை ஒரகடத்து ஆலையில் பொறியாளராக அமரலாம். அங்கும் பொருளைச் செய்யும் கையை மதிக்கும் பழக்கம் அதனிடம் இருக்கும். தறியிலிருந்து ஆலைக்கு நாம் கொண்டு செல்லத்தக்க சிறந்த மரபு அதுவே.

சுவீடனின் ஸ்கான்சென் எழுந்தபோது அந்நாட்டுச் சிற்றூர்த் தொழில்களுள் பல முன்னரே மறைந்துபோயிருந்தன. நமக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. காஞ்சியில் கோர்வை அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. பத்தமடையில் கோரை கிழிக்கும் பெண்கள் இன்னும் இருக்கின்றனர். காயலில் முடுக்கு வழியே மாலை நேரத்தில் ஒரு வீட்டார் மறுவீட்டிற்குச் சென்று வருகின்றனர். இவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் தேட வேண்டிய நாள் வருமுன், கண் முன்னே இருக்கும்போதே அறிந்து, மதித்து, உரிய விலை கொடுத்து, எழுதியும் வைப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.